தண்ணீரின் மேல் போட்ட பழி

எனக்கு வைத்தியம் சொன்னவர்கள் நாற்பத்தொரு பேர். எண்ணி வைத்திருக்கிறேன். அதில் முப்பத்தாறு பேர் தண்ணீரைக் குறை சொன்னார்கள். மீதி ஐந்து பேரில் மூவர் இறால் என்றார்கள், ஒருவர் கண்திருஷ்டி என்றார், ஒருவர் என் கோபம் குடலில் இறங்கிவிட்டது என்றார். தினம் நான்கு என்று நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையை ஒருவரும் சொல்லவில்லை. படித்தவர்களும் சொல்லவில்லை, படிக்காதவர்களும் சொல்லவில்லை. நானும் ஒன்றைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மாற்றுச் சிறுநீரகத்தோடு இந்தத் தீவுகளில் வாழ்பவர்களில் என்னைத் தவிர நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களாவது படிக்கட்டும்.

எனக்கு வயது எழுபத்தொன்று. போர்ட் பிளேரில் ஓர் அரசுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். என் காலத்தில் ஒரு போல்ட் காணாமல் போனதில்லை. ஓய்வு பெற்றபின் பத்துபஸ்தியில் வீடு. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்கும், அவற்றையும் எண்ணுவேன். அது ஒரு குற்றமா?

ஆறு வருடத்துக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தின. சென்னையில் வைத்து என் தங்கை சண்முகத்தாய் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அவள் சௌல்தாரியில் பாக்குத் தோட்டமும் மாடும் வைத்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு. நிறுத்தாமல் பேசுவாள். அவளுடைய உறுப்பு என் வலது அடிவயிற்றில் இருக்கிறது, தொட்டால் தெரியும். சாதுவாக, சத்தம் போடாமல் வேலை செய்தது. அந்த விஷயத்தில் அது அவளைப்போல் இல்லை.

அடுத்தவர் உறுப்பை உடம்பு திருடன் என்று நினைத்து அடிக்க வரும். அந்தக் காவலைத் தூங்கவைக்கத்தான் மாத்திரைகள். எனக்கு மூன்று. டாக்ரோலிமஸ் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, மூன்றாவது மைக்கோபினோலேட். இந்த மூன்றாவதைக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று ஆறு வருடம் விழுங்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் டிக் போட்டு வைப்பேன். எத்தனை மணிக்கு விழுங்கினேன், எவ்வளவு சிறுநீர் போனது, எடை எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. ஏழு நோட்டு ஆகிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் வயிறு போக ஆரம்பித்தது. முதல் நாள் நான்கு முறை. ஒரு வாரத்தில் எட்டு. மார்ச் முடியும்போது பதினொன்று. கோடையில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர் வரும். எல்லோரும் மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைப்போம். அதனால் இந்த ஊரில் எவனுக்கு வயிறு போனாலும் தீர்ப்பு தயாராக இருக்கும். தனியார் டாக்டர் ஒருவர், என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், “பானி உபால்கே பீனா” என்றார். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதற்குப் பதினைந்து வருடம் படிக்க வேண்டுமா? அமீபாவுக்கு மாத்திரை எழுதினார். அது முடிந்ததும் மறுபடி அதையே எழுதினார். மூன்றாவது முறையும் எழுதினார். அவருடைய அறைக்கு வெளியே நான் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் பதினான்கு மணி. அங்கே பதினொரு நாற்காலி, ஒரு கழிப்பறை. வயிற்றுப்போக்குக்காரன் எந்த நாற்காலியில் உட்கார்வான் என்று யோசிக்காதவன்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டியிருக்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று அவரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். அவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, இது மெயின்லேண்டில் எழுதியது, இதை நாங்கள் தொடக்கூடாது என்றார், கோவில் விக்கிரகத்தைச் சொல்வதுபோல். சென்னை சிறுநீரக டாக்டருக்கு போன் போட்டேன். அவர், உங்கள் தீவுத் தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், உள்ளூர் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். இருவருக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல். அதில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மே மாதம் எடை அறுபத்தொன்றிலிருந்து ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. அப்போதுதான் சண்முகத்தாய் வந்து இறங்கினாள். அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் ஜீப்பில் இருபது லிட்டர் கேன் நான்கு. எல்லாம் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பத்துபஸ்தித் தண்ணீரில் ஒரு சொட்டு என் வாயில் படக்கூடாது என்று குழாயையே துணி வைத்துக் கட்டினாள். கஞ்சி, காப்பி, வாய் கொப்பளிப்பது எல்லாமே சௌல்தாரித் தண்ணீர். நான் சிரித்தேன்.

ஆனால் அந்த வாரம் வயிறு அடங்கியது. பதினொன்று, ஒன்பது, ஏழு, ஐந்து, நான்கு, மூன்று, மூன்று. நோட்டில் இருக்கிறது.

பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்தி எங்கள் அண்ணனுக்குப் பதினொன்று போனது இப்போது மூன்றுதான் போகிறது என்று சொன்னாள், இந்தியிலும் தமிழிலும். மூன்று வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து அவளிடம் தண்ணீர் வாங்கிப்போனார்கள். சென்னை டாக்டரும் போனில், நான் சொல்லவில்லையா என்றார். தனியார் டாக்டர், தண்ணீர் மாற்றியதும் குணம் தெரிகிறது என்று என் சீட்டிலேயே எழுதினார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

இப்போது நான் சொல்லாத விஷயம். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கட்டாக வந்த சரக்கைக் கட்டாகத்தான் எண்ண வேண்டும். ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணுகிறவன் ஸ்டோர் கீப்பர் இல்லை, சந்தேகப் பிராணி. மைக்கோபினோலேட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து யாராவது வரும்போது வரவழைப்பேன். நாளைக்கு நான்கு, அறுபது நாளைக்கு இருநூற்று நாற்பது, பத்து மாத்திரை அட்டை இருபத்துநான்கு. அந்தமுறையும் ரப்பர் போட்ட இருபத்துநான்கு அட்டை வந்தது. எண்ணி, எழுதி, அலமாரியில் வைத்தேன். சென்னைக் கடைக்காரன் மேலே பதினான்கு அட்டையைப் பழைய கம்பெனியிலும், அடியில் பத்து அட்டையை வேறொரு கம்பெனியிலும் கொடுத்திருந்தான். அடியில் இருந்த அட்டைக்கு ஆறு மாத்திரைதான். பத்து நாள் சரக்கு குறைவு. எனக்குத் தெரியவந்தபோது பதினைந்து நாளைக்குத்தான் மருந்து இருந்தது.

அதற்குள் அடுத்த சரக்கைக் கொண்டுவர ஒருவர் இருந்தார். என்னோடு வேலை பார்த்தவர், கப்பலில் வரவேண்டியவர். கடல் சரியில்லை என்று கப்பல் புறப்படவில்லை. நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உள்ளூர்க் கடையில் சொல்லிவைத்தால் வரும், வருகிற நாள் கடைக்காரனுக்கே தெரியாது. யாரிடமாவது சொல்லியிருந்தால் விமானத்தில் மறுநாளே வந்திருக்கும். மருத்துவமனையில் கேட்டிருந்தாலும் ஏதாவது வழி சொல்லியிருப்பார்கள். என்ன என்று சொல்வது? எண்ணிக்கையில் தவறிவிட்டேன் என்றா? முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களுக்கு மெமோ கொடுத்தவன் நான். மற்ற இரண்டு மருந்தையும் விழுங்கினேன். மூன்றாவதை விழுங்காமல் நோட்டில் டிக் போட்டேன். அப்படிப் போட்ட டிக்குகள் எல்லாம் சௌல்தாரித் தண்ணீர் வந்த அதே வாரத்தில்தான்.

நானே அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளுடைய உறுப்பை என்ன செய்துவிட்டேனோ என்கிற பயத்தில், வயிறு அடங்கியது எதனால் என்று யோசிக்க இடமில்லை. கப்பல் வந்தது, மாத்திரை வந்தது, முழு அளவில் விழுங்கினேன். நான்கு நாளில் வயிறு மறுபடி ஒன்பதுக்குப் போனது. பிறகு பதின்மூன்று, பதினான்கு. சண்முகத்தாய் இன்னும் நான்கு கேன் வரவழைத்தாள். நான் கள்ளத்தனமாகக் குழாய்த் தண்ணீர் குடிப்பதாக என்மேல் சந்தேகப்பட்டு, குளியலறைக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஸ்டூலுக்கு இரண்டடி தூரத்தில்தான் ஒரு நாள் காலை மயங்கி விழுந்தேன்.

வார்டில் இருபத்திரண்டு படுக்கை, ஒன்பது மின்விசிறி, சுற்றுவது ஏழு. கிரியேட்டினின் இரண்டு புள்ளி எட்டு என்றார்கள். கிரியேட்டினின் என்பது உடம்பின் குப்பை. சிறுநீரகம் ஒழுங்காகப் பெருக்கினால் அந்த எண் குறைவாக இருக்கும். ஆறு வருடமாக எனக்கு ஒன்று புள்ளி மூன்றுதான். உடம்பில் நீர் வற்றியதால் ஏறியிருக்கலாம், டாக்ரோலிமஸ் அளவு இரத்தத்தில் கூடியதால் இருக்கலாம், உடம்பு அந்த உறுப்பைத் தள்ள ஆரம்பித்ததாலும் இருக்கலாம். இந்தக் கடைசி ‘இருக்கலாம்’ எதனால் வரும் என்று எனக்கு மட்டும் தெரியும். கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று நாளாக இளநீர் குடியுங்கள் என்று நச்சரித்தார். அவருக்குக் கால் முறிவு. கால் முறிந்தவனுக்கு ஏன் குடலைப் பற்றி இவ்வளவு கவலை? பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு இளநீர் கொண்டுவந்தார்கள். சிறுநீரகக்காரன் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக்கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்தையே நிறுத்திவிடும் என்று பதினேழு முறை விளக்கினேன். கட்டிலுக்கு அடியில் பத்தொன்பது காய் சேர்ந்தது. சண்முகத்தாய் அவற்றை நர்சுகளுக்கு வெட்டிக் கொடுத்து அவர்களைத் தோழிகளாக்கிக்கொண்டாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் பதினோரு லுங்கியைத் துவைத்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. துவைத்துக்கொண்டே வார்டில் உள்ள மற்றப் பெண்களோடு பாக்கு விலை பேசினாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அதனால் சோப்பு அதிகம் போடுகிறாய் என்று திட்டினேன்.

என்னைப் பார்த்த டாக்டர் ஓர் இளம் பெண், வங்காளி, இந்தியில்தான் பேசுவார். இருபத்தொன்பது வயதிருக்கும். முதல்நாளே நான் அவரை மதிக்கவில்லை. ஆனால் தண்ணீர் என்ற சொல்லை அவர் முதல்நாள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்ய இரண்டு லிட்டர் பேதி மருந்து. பதினான்கு முறை போகிறவனுக்குப் பேதி மருந்து! குடித்தேன். உள்ளே அங்கங்கே சிவந்து புண்ணாக இருந்தது. ஆறு இடத்தில் கடுகளவு சதை கிள்ளி எடுத்து, பரிசோதிக்க மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். கிள்ளியது வலிக்கவில்லை. அறிக்கைக்குக் காத்திருந்த ஒன்பது நாள்தான் வலித்தது. அந்த ஒன்பது நாளும் மாத்திரை நிற்கவில்லை, மெயின்லேண்ட் சீட்டு அல்லவா. எடை நாற்பத்தொன்பது.

அறிக்கையில், குடலின் உள்தோலில் செல்கள் தாமாகவே செத்துக்கொண்டிருக்கின்றன என்று இருந்தது. கிருமி ஏதும் தெரியவில்லை, வைரஸ் தெரியவில்லை. மருந்தால் இருக்கலாம், நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று முடித்திருந்தார்கள். டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னார். மைக்கோபினோலேட் காவல் செல்கள் பெருகாமல் தடுக்கிறது. குடலின் உள்தோலும் சில நாளைக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. அதையும் சிலருக்குத் தடுத்துவிடுகிறது. இவ்வளவு மோசமாவது அபூர்வம். வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்றும் வரலாம்.

சென்னை டாக்டர் போனில் தயங்கினார். ‘இருக்கலாம்’ என்பதை நம்பி நிறுத்தி, சிறுநீரகம் போய்விட்டால் யார் பொறுப்பு என்றார். அது நியாயமான கேள்விதான். டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார். மருந்து நின்றபோது குறைந்தது என்று ஒரு தடயம் கிடைத்தாலும் தைரியமாக மாற்றிவிடலாம், ஆனால் நீங்கள் ஒரு வேளைகூடத் தவறவில்லையே என்றார். பிறகு மே மாதப் பக்கத்தில் விரலை வைத்து, இந்த வாரம் மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்டார்.

சண்முகத்தாய் முந்திக்கொண்டாள். “ஹமாரா குவா கா பானி, டாக்டர்.” எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்று, மார்பில் கை வைத்துச் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு மணி நேரம் திறக்கவில்லை. அதற்குள் பன்னிரண்டு முறை வயிறு போனது. ஆறாவது முறைக்குப் பிறகு என்னால் நடக்க முடியவில்லை, அவள்தான் பெட்பேன் வைத்து எடுத்தாள். எடுத்துக்கொண்டே, மாப்பிள்ளையிடம் இன்னும் இரண்டு கேன் சொல்லியிருக்கிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது சொன்னேன். தங்கைக்குப் புரியக்கூடாது என்று, அலுவலகத்தில் கற்ற சுத்தமான இந்தியில் சொன்னேன். அந்த வாரம் மாத்திரை தீர்ந்துவிட்டது, டிக்குகள் பொய் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். அவளுக்கு என்னைவிட நன்றாக இந்தி வரும் என்பது எனக்கு ஏனோ அப்போது நினைவில்லை.

அவள் என்னைப் பார்த்து, “அப்ப என் தண்ணி ஒண்ணும் செய்யலையாண்ணே?” என்றாள்.

இல்லை என்றேன். அவள் கையில் இருந்த டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டாள், இந்த மாத்திரையை நிறுத்தினால் நான் கொடுத்தது போய்விடுமா என்று. போகலாம், வேறு மருந்து கொடுப்போம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். நிறுத்தாவிட்டால்? நிறுத்தாவிட்டால் இவர் உடம்பு தாங்காது என்றார்.

சண்முகத்தாய் யோசிக்கவில்லை. “நிறுத்துங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, “ஆள் இல்லாம அது மட்டும் எதுக்கு?” என்றாள்.

அதன்பின் அந்த டம்ளரை எடுத்துப்போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கூட என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சென்னை டாக்டர் அரைமணியில் சம்மதித்தார். மைக்கோபினோலேட் நின்றது. அசதயோபிரின் என்று வேறொரு பழைய மருந்து, ஸ்டீராய்டு கொஞ்சம் கூடுதல். ஒன்றுவிட்டு ஒருநாள் இரத்தம் எடுத்தார்கள். வயிறு பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, ஐந்து என்று இறங்கியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் அந்த இன்னொரு எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரத்தத்தில் இரண்டு புள்ளி எட்டு. அடுத்ததில் இரண்டு புள்ளி ஒன்பது. அன்று நான் சாப்பிடவில்லை. அவள் பரிசோதனைக்கூட வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள், அடுத்த முடிவு வரும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு புள்ளி மூன்று. பிறகு ஒன்று புள்ளி ஒன்பது. பத்தொன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஒன்று புள்ளி ஆறு, வயிறு இரண்டு முறை, எடை ஐம்பத்தாறு. பழைய ஒன்று புள்ளி மூன்று இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வித்தியாசம் புள்ளி மூன்று. அதில் டாக்டர்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். நான் வைத்த பங்கு குறைவாக இருந்தது. அதனால் அந்தக் கணக்கை நம்பவில்லை.

மற்ற நான்கு பேருக்குச் சொல்கிறேன். வயிறு பத்து நாளைக்கு மேல் போனால், தண்ணீர் என்று எவன் சொன்னாலும், மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வகை முட்டாள்தனம். தவறவிட்டால் தவறவிட்டேன் என்று எழுதுங்கள். டாக்டருக்கு உங்கள் மானம் தேவையில்லை.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் “ஐந்து நாள் மருந்து இல்லை” என்று அச்சடித்திருந்தது. மூன்று வாரம் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் போட்ட காகிதத்தில் தப்பான எண். போன சனிக்கிழமை சண்முகத்தாய் சௌல்தாரிக்குத் திரும்புகிறாள் என்று மாப்பிள்ளை ஜீப்போடு வந்தார். அவள் காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“அஞ்சு நாள் இல்ல, சண்முகத்தாய். ஏழு.”

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். “தெரியும்ணே. காலி அட்டைய எல்லாம் டப்பாவுல போட்டு வச்சிருக்கியே, எடுத்து எண்ணுனேன். நோட்டுல இருக்கிற டிக்குக்கு இருபத்தெட்டு மாத்திரை கொறஞ்சுச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயே சொல்வாய் என்று இருந்தேன் என்றாள்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“அதெல்லாம் யாருண்ணே எண்ணிக்கிட்டு இருப்பா” என்று சொல்லி, கேன்களைத் தூக்கி ஜீப்பில் எறிந்தாள்.